கோச்சடை வீட்டின் மூன்றாவது விளக்கு

விஜயதசமி காலையில் எதிர்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, நேத்து பூஜைக்கு அப்புறம் நெட்டு வரலக்கா. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனேன். டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த ரவுட்டருக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் ஒரு துண்டு கதம்பம். பின்பக்கம் ஒரு வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. துடைக்கும்போது கழன்றிருக்கும். மாட்டினேன், வந்துவிட்டது. ஆனால் பெட்டி சூடேறச் சூடேற, காய்ந்த சந்தனம் மணக்க ஆரம்பித்தது. சந்தனமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணத்தை உன் மேசைக்குப் பக்கத்தில்தான் முதலில் முகர்ந்தேன். அவள் காப்பி போடட்டுமா என்று கேட்டதுகூடக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உன்னிடம் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இது. ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. சிம்மக்கல்லில் இருந்தே தொடங்குகிறேன்.

மதுரைக்கு ப்ராட்பேண்ட் வந்த புதிது. மொத்த வியாபாரப் பேப்பர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நாம் ஆறு பெண்கள், ஆறு ஹெட்செட். நெட்டு போய்விட்டது என்று ஊரெல்லாம் கூப்பிடும். நாம் சரி செய்யச் சொல்லித்தர வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரையில் பெயரும் விலாசமும் வரும், மூலையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் என்பது மேனேஜர் வைத்த கணக்கு. நான் நான்கு நிமிடத்தில் முடிப்பேன். சமயநல்லூரில் இருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கியவளுக்கு, சுவரில் மாட்டிய பலகையில் முதல் பெயராகத் தன் பெயர் இருப்பது சாதாரண விஷயமா? எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பலகை எனக்கு அம்புட்டு முக்கியம்.

நீ அதே பலகையில் கடைசி. அதைப் பற்றி உனக்குக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

உன் மேசையில் மட்டும் ஒரு பழைய மோடம் இருந்தது. 'டெஸ்டிங்' என்று சொல்லி மேனேஜரிடம் அதற்கு ஒரு லைனும் வாங்கி வைத்திருந்தாய். கூப்பிட்டவர் வயர் கழன்று கிடக்கிறது என்றால் உன் வயரையும் கழற்றிப் போடுவாய். நாலாவது விளக்கு எரியவில்லை என்றால், உன் பெட்டியில் நாலாவது விளக்கை அணைக்க என்ன செய்ய வேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பாய். நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்னடி வேலை இது? நல்லா இருக்கத எதுக்குக் கெடுத்துக்கிட்டு இருக்க?"

"அவங்க பெட்டி எப்படிக் கெடக்கோ, அதே மாதிரி என்னதையும் ஆக்கிக்கிறேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணிக்கிறோம்."

"அப்ப அவுகளுக்குக் காய்ச்சல்னா நீயும் போத்திக்கிட்டுப் படுத்துக்குவியாக்கும்?"

"அது டாக்டர் பாடுடி," என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாய்.

நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பண்ணுனீங்க?" அதைக் கேட்டதுமே மறுமுனையில் இருப்பவர் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி, "நான் ஒண்ணுமே பண்ணலங்க" என்பார். நீ அதைக் கேட்டதே இல்லை. "இப்ப உங்க கண்ணுக்கு என்ன தெரியுது? எடது பக்கமிருந்து எண்ணிச் சொல்லுங்க," என்பாய். அவர்கள் தமிழில் எண்ண, நீ உங்கள் வீட்டு சௌராஷ்ட்ர மொழியில் வாய்க்குள் கூடவே எண்ணுவாய். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத ஆளுக்கும் ஒன்று இரண்டு மூன்று தெரியுமே.

அந்த விஜயதசமிக்கு வருகிறேன்.

மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது, நம் ஊரில் வருடத்திலேயே அதிகமாக நெட்டு போகும் நாள் விஜயதசமிதான். முதல் நாள் ஆயுத பூஜை. வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் அதுவும் ஆயுதம். எல்லா வயரையும் பிடுங்கி, பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். சாமி முன்னால் வைத்த எதையும் அன்று தொடக்கூடாது. மறுநாள் எடுத்து, எந்த வயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று தெரியாமல் மாட்டிவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள். நம் ஆபீசிலும் அந்த நாள் பீரோ மேல் சந்தனக் கிண்ணமும் பொரிப் பொட்டலமும் இருந்தன. வீடு தேடிப் போய்ச் சரி செய்யும் லைன் ஆட்களுக்கெல்லாம் லீவு. நமக்கு மட்டும் இல்லை. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது.

இரண்டரை மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு. கோச்சடைப் பக்கமிருந்து. வயதான பெண் குரல்.

"தாயி, எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல நெட்டு வரல. நாலு மணிக்குள்ள வந்தாகணும். என் மருமக..."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. பெட்டில விளக்கு எரியுதா?"

"எரியுது தாயி. மூணாவது விளக்கு மட்டும் நிக்காம கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கு."

"பின்னாடி ஃபோன் வயர் மாதிரி சின்ன வயர் இருக்குல்ல, அதைப் பிடுங்கிட்டு மறுபடி மாட்டுங்க."

"எந்த வயருன்னு..."

"சின்ன வயரும்மா!"

டொக் என்று ஒரு சத்தம். லைன் செத்துவிட்டது. சுவரில் இருந்து வரும் வயர் முதலில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஃபோனுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரியும் அல்லவா? அந்த அம்மா சுவர் வயரைப் பிடுங்கிவிட்டார். பேசிக்கொண்டிருந்த ஃபோனும் சேர்ந்து போனது. எனக்கு அது தெரியும். எந்த வயர் என்று அவர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நடந்திருக்காது என்பதும் தெரியும். திருப்பிக் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் மணி அடிக்காது. 'முடிந்தது' என்று குறித்தேன். கடிகாரம் நாலு நிமிடத்தைத் தொடவில்லை. ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

மூன்று மணி தாண்டி உன் பக்கமிருந்து ஒரு வார்த்தை வந்து காதில் விழுந்தது. "கோச்சடையாம்மா? சொல்லுங்க."

எட்டி உன் திரையைப் பார்த்தேன். அதே பெயர். பக்கத்து வீட்டில் செல்போன் இரவல் வாங்கி வந்து கூப்பிட்டிருந்தார். எனக்கு அடுத்த அழைப்பு வரவில்லை; வந்திருந்தாலும் எடுத்திருப்பேனா தெரியவில்லை. நீ என்னைப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் மேனேஜர் கூடக் கேட்பதற்காக உன் லைனில் மாட்டியிருந்த இன்னொரு ஹெட்செட்டை என் பக்கம் தள்ளினாய். மாட்டிக்கொண்டேன்.

"மொதல்ல ஒரு பொண்ணு பேசுச்சு தாயி. வயரைப் பிடுங்குன்னுச்சு. பிடுங்குனேன், வீட்டு ஃபோனும் போச்சு. அவசரக்காரி போல."

"இல்லம்மா, இன்னைக்கு எங்களுக்கு ஓயாம ஃபோன். அவ நல்லவதான்," என்றாய், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாலு மணிக்கு என்னம்மா இருக்கு?"

நான் இடைமறித்து வெட்டிய பேச்சை நீ கேட்டு வாங்கினாய். அந்த அம்மா கடகடவென்று சொன்னார்.

"என் மகனுக்குக் காது கேக்காது, பேச்சு வராது தாயி. மருமகளும் அப்படித்தான். அவன் பெங்களூர்ல அச்சாபீஸ்ல புத்தகம் தைக்கிறான். ஞாயித்துக்கெழம நாலு மணியானா அவன் அங்கன ஒரு நெட்டுக் கடையில உக்காருவான், இவ இங்கன உக்காருவா. ரெண்டும் கையாலயே பேசிக்கிருங்க. இப்ப அவனை பம்பாய்க்கு மாத்துறாகளாம். நாளைக்குக் காலையில மொதலாளிக்குப் பதில் சொல்லணும். தனியாப் போறதா, இவளையும் கூட்டிக்கிட்டுப் போறதா, போகவே வேணாமான்னு இவ இன்னைக்குச் சொல்லியாகணும்."

"செல்லுல எழுதி அனுப்ப முடியாதாம்மா?"

"ரெண்டு பேருக்கும் எழுத்து அம்புட்டா வராது. அந்தக் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு நானே சொல்லிரலாம். ஆனா அது என் பேச்சால்ல ஆயிரும்? அவ புருசன்கிட்ட அவ சொல்ல வேண்டியத நான் சொல்லலாமா?"

நீ கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாய். "என்ன சொல்லப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? ஒரு வாரமா சூட்கேசைத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறா."

"அப்ப நீங்க?"

"நான் இங்கனதான் கெடப்பேன். வேற போக்கிடம் ஏது? அதை விடு தாயி. விளக்கைச் சொல்லு."

மணி மூன்று இருபது. தன் மகனையும் மருமகளையும் தன்னிடமிருந்து கூட்டிப் போகப்போகிற அந்த லைன் வந்துவிட வேண்டும் என்று அந்த அம்மா இரவல் செல்லோடு அல்லாடிக்கொண்டிருந்தார்.

நீ உன் பெட்டியிலும் சுவர் வயரைப் பிடுங்கினாய். "என்னதும் இப்ப உங்களுது மாதிரிதாம்மா கெடக்கு. நான் மாட்டுறேன், நீங்களும் மாட்டுங்க."

அங்கே மாட்டியது மருமகள். சின்ன விரல், நல்ல கண். அந்த அம்மா நாம் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் செல்லைக் கீழே வைத்தார். பிறகு நமக்குக் கேட்டதெல்லாம் வளையல் சத்தம்தான். அவ்வளவு நேரம் யாரும் பேசாத லைனை நான் என் வாழ்நாளில் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. நான் நகத்தைக் கடித்தேன். நீ மேசைமேல் கை வைத்துச் சும்மா இருந்தாய்.

மாட்டியாகிவிட்டது. வீட்டு ஃபோனுக்கு உயிர் வரவில்லை.

"டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் உள்ள தள்ளுனாங்களா?" என்று கேட்ட நீ, கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாய். சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்கும்? உன் வயரைக் கழற்றினாய். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை அதன் மேல் வைத்து மெதுவாகத் தள்ளினாய். இரண்டு தடவை செய்து பார்த்தாய். "அம்மா, சத்தம் வேணாம். கட்டைவிரலை மேல வெச்சுக்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க. உள்ள போயி உக்காந்ததும் விரலுக்கடியில ஒரு துள்ளல் தெரியும்."

வளையல் சத்தம். பிறகு, "தாயி! வீட்டு ஃபோன்ல கொர்ருன்னு சத்தம் வந்துருச்சு!"

"செல்லை இன்னும் திருப்பிக் குடுத்துராதீங்க. மூணாவது விளக்கு?"

"அது சிமிட்டிக்கிட்டேதான் இருக்கு."

மூன்று நாற்பது. மூன்றாவது விளக்கு நின்று எரிந்தால்தான் நெட்டு வரும்; உன் பெட்டியில் அது ஆடாமல் நின்று எரிந்தது, அங்கே சிமிட்டியது. இதுவரை ஒன்றுபோல இருந்த இரண்டு பெட்டிகளும் இப்போது வேறு வேறு. நீ உன் பெட்டியை ஏதோ துரோகம் செய்துவிட்டது போல முறைத்துப் பார்த்தாய். நான்தான் சொன்னேன், அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்: "அவங்க வீட்டுப் பெட்டிக்கு நேத்து பூஜை போட்டிருப்பாங்கடி. இதுக்குப் போடலையே."

உன் முகம் மாறியது. "அம்மா, நேத்து சந்தனம் எங்கெங்க வெச்சீங்க?"

"கம்ப்யூட்டருக்கு வெச்சோம். மோடத்துக்கு வெச்சோம். அந்தச் சின்னப் பெட்டில வைக்க எடம் பத்தல. முன்னாடி மூணு ஓட்டை இருந்துச்சா, அதுமேல சேத்து ஒரு தீத்துத் தீத்துனேன். காலையில மேலாகத் தொடச்சுட்டமே."

நீ எழுந்து போய் பீரோ மேல் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாய். உன் சின்னப் பெட்டியில் மோடம் வயரைக் கழற்றினாய். ஆபீஸ் சொத்து, மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஓட்டைக்குள் விரலால் சந்தனத்தைத் தேய்த்து, மேலாகத் துடைத்து, வயரைத் திரும்ப மாட்டினாய். உன் மூன்றாவது விளக்கும் சிமிட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தேர்வில் முதல் மார்க் வாங்கியவள்கூட அப்படிச் சிரிக்க மாட்டாள்.

"வெளக்கமாத்துல ஒரு குச்சி ஒடிச்சுட்டு வாடி," என்று என்னை விரட்டினாய். ஓடினேன். ஓட்டைக்குள்ளே முடி மாதிரி தங்க நிறக் கம்பிகள். நீ முதலில் உன்னுடையதைச் சுரண்டினாய், எப்படிச் சுரண்டினால் கம்பி வளையாது என்று கண்டுபிடித்தாய், பிறகு சொன்னாய். "எல்லா வயரையும் கழட்டிருங்க. தண்ணி தொட வேணாம். ஈர்க்குச்சி நுனில கொஞ்சம் பஞ்சு. அமுக்கக் கூடாது. கம்பி ஓடுற போக்குலயே மெதுவா இழுக்கணும்."

வளையல் சத்தம். மூன்று ஐம்பது. மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நீ திரும்பவில்லை. நான் அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். அவரிடம் அப்படிச் செய்ய எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவரும் நின்றுகொண்டே இருந்தார்.

உன் விளக்கு நின்று எரிந்தது. அங்கே வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். அந்த அம்மா எண்ணினார். "ஒண்ணு எரியுது. ரெண்டு எரியுது. மூணு சிமிட்டுது... சிமிட்டுது... தாயி, நின்னுருச்சு. நின்னு எரியுது தாயி!"

நான் அழுதுவிட்டேன். நீ அழவில்லை. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் திரையில் வந்தான். அந்த அம்மா செல்லைக் காதிலேயே வைத்துக்கொண்டு நமக்குச் சொன்னார். "பேசிக்கிறாக. இவ சொல்லிட்டா. நானும் வாரேன்னு சொல்லிட்டா. அவன் சிரிக்கிறான்."

நானாக இருந்தால் அங்கே 'முடிந்தது' போட்டிருப்பேன். நீ கேட்டாய்: "அம்மா, இந்தக் கம்ப்யூட்டரைப் போடத் தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கா? மருமகதான் போடுவா."

"அவங்க போனப்புறம் ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு யாரு போடுறது? கையால பேசத்தான் உங்களுக்குத் தெரியுமே. அவங்க பேசி முடிக்கட்டும். அப்புறம் மொத பொத்தான்ல இருந்து சொல்லித் தாரேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இப்பவே சொல்லு தாயி. அவுக பேசட்டும். நான் கேட்டு வெச்சுக்கிறேன்."

அந்த மாதம் பலகையில் நீ மறுபடியும் கடைசி. மேனேஜர் உன்னைத் திட்டவில்லை; பாராட்டவும் இல்லை. பலகையை எடுக்கவும் இல்லை. அவர் அப்படித்தான்.

இனி நான் ஒளித்ததைச் சொல்கிறேன்.

தீபாவளி போய், மார்கழியும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. சிம்மக்கல்லில் பஸ் ஏறி, கோச்சடையில் இறங்கி, திரையில் பார்த்து மனசில் பதிந்திருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது தப்பு என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. கதவு திறந்திருந்தது. அந்த அம்மா கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து, இரண்டு கையையும் வீசி வீசி, வளையல் குலுங்க யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பையனும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது விளக்கு ஆடாமல் எரிந்தது. சின்னப் பெட்டியின் ஓட்டைகளுக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார், இனி எந்தப் பூஜைக்கும் சந்தனம் உள்ளே போகாதபடி.

நெட்டு ஆபீசில் இருந்து வருகிறேன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குப் பொறுமையாப் பேசுச்சே, அந்தப் பொண்ணா நீ? மொதல்ல பேசுன அந்த அவசரக்காரி இல்லையே?"

"பொறுமையாப் பேசுன அந்தப் பொண்ணுதாம்மா," என்றேன்.

வாயில் வந்துவிட்டது. என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். காப்பி கொடுத்தார். திரையில் இருந்த இருவரிடமும் என்னைக் காட்டி, கையால் என்னவோ சொன்னார். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உனக்குச் சேர வேண்டிய கும்பிட்டை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாளே உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ யாருடனோ விளக்கு எண்ணிக்கொண்டிருந்தாய். நான் நேராக மேனேஜரிடம் போய் எனக்கும் ஒரு பழைய மோடம் வேண்டும் என்றேன். என் மேசையில் அதைப் பார்த்துவிட்டு, "என்னடி திடீர்னு?" என்று கேட்டாய். "சும்மாதான்டி," என்றேன். அடுத்த மாதம் பலகையில் நான் கீழிருந்து இரண்டாவது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்றும் சொல்ல வாயெடுத்தேன். நீ உன் மகள் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்துவிட்டாய். எனக்கு அதை நிறுத்த மனசில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்.

இன்றைக்கும் அவசரம் என்னை விட்டுப் போகவில்லை. யாராவது எந்த வயர் என்று கேட்டால், 'சின்ன வயரும்மா!' என்பது நாக்கு நுனிவரை வந்துவிடும். அப்போதெல்லாம் கேமரா வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்ட அந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். அன்று அந்த வீட்டில் நான் சொன்னது பொய்தான். இத்தனை வருடமாக அதை உண்மையாக்கிக்கொண்டு வருகிறேன். பாதிக்கு மேல் ஆகிவிட்டது, பாரேன்.